555 புத்தகத்தில் ஏழு பேர்

திங்கட்கிழமை பேங்கிலிருந்து வந்த ஃபைசால்
மைலோ டின்களுக்கு நடுவே முழங்கையை ஊன்றிக் கேட்டான்:
"கடன் புராத்தா எவ்வளவு அக்கா?"
அவனுக்கு ஒரே ஓர் எண் வேண்டும்.
பாரத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

555 புத்தகத்தை விரித்தேன்.
அட்டை கிழிந்து, நெத்திலி வாடை ஏறி,
இந்த ஏழாங்கட்டையில்
எந்த வாரம் யார் வீட்டில் அரிசி தீர்ந்தது என்று
எனக்கு மட்டும் சொல்லும் புத்தகம்.

தவமணிக்கு இருபது. எத்திராஜுக்கு இருபது.
சர்ச்சுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த
ரோஸ்லினுக்கும் இருபது.
அஞ்சலை முப்பத்தைந்து.
மண்டோர் சங்கிலி நாற்பது, வாயில் நானூறு.
டாக்காவுக்குப் பேச கார்டு வாங்கிய ரஃபிக்குல் நாற்பத்தைந்து.
கடைசிப் பக்கம் முழுக்கக் கோதண்டம்:
ஆயிரத்து இருநூற்று இருபது.

கூட்டினேன். ஏழால் வகுத்தேன்.
இருநூறு வெள்ளி, சில்லறை இல்லாமல்.
"ஆளுக்கு இருநூறா!" என்று
பேனாவைக் கடித்தான் ஃபைசால்.

மறுநடவுக்கு புல்டோசர் வந்தபோது பார்த்திருக்கிறேன்.
மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளும்.
சாயங்காலம் செம்மண் சப்பட்டையாய்க் கிடக்கும்.
சராசரி அந்தத் தரை.
மேடு எங்கே இருந்தது, பள்ளத்தில் எவன் நின்றான்,
கேட்டால் சொல்லாது.
இருநூறு வெள்ளிக் கடன்காரர்
என் கடையில் ஒருவரும் இல்லை.

அவன் போனபின், கடை அஞ்சடியில்
கடன் ஏற ஏற அவர்களை வரிசையாய் நிறுத்தினேன்,
மனசுக்குள்தான்.
நாலாவதாய் அஞ்சலை.
இந்தப் பக்கம் மூன்று தலை, அந்தப் பக்கம் மூன்று.
கோதண்டத்தின் கடன் பத்தாயிரம் ஆனாலும்
அவள் செருப்பு ஓர் அங்குலம் நகராது.
மூன்றாம் படிவத்தோடு நின்றவள் நான்;
நடுவெண் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

முகடு என்று வாத்தியார் சொன்னபோது
கூரை உச்சி என்று நினைத்திருந்தேன்.
இங்கே அது வரிசையின் அடியில் கிடக்கிறது: இருபது.
அரிசிப் பை விலை இருபது இல்லை,
எண்ணெய்ப் போத்தல் விலையும் இல்லை.
தலை குனிந்து கேட்கிறவர்கள்
கேட்டுவிட்டு நிமிர முடிகிற தொகை அது.
அதற்குமேல் போனால்
நான் "ஏன்" என்று கேட்டுவிடுவேனோ என்று.

கோதண்டம் அப்படிக் கேட்டதே இல்லை.
எட்டு மாதம். பெரியவர்களுக்கான பேம்பர்ஸ்,
குழாய் வழியாய் ஊட்டுகிற பால்மாவு, கையுறைப் பெட்டி.
"எழுதிக்கோ" என்பார், ரோட்டுக்குக் கேட்கும்படி.
படுக்கையில் கிடந்தவளுக்காகக் கேட்க
அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

வியாழக்கிழமை, கருமாதிக்கு மறுநாள்,
சங்கத்துச் சாவுப்பணத்தோடு வந்தார்.
எச்சில் தொட்டு எண்ணி வைத்தார்.
பெயரை அடித்தேன்.

ஒரே கோடு.
இருநூறு முப்பது ஆனது.
ஊரில் ஒருவரும் ஒரு காசு பணக்காரர் ஆகவில்லை,
ஒரு கட்டில் காலி, அவ்வளவுதான்.
அஞ்சடியில் இப்போது ஆறு பேர், நட்ட நடுவில் யாரும் இல்லை.
ரோஸ்லினுக்கும் அஞ்சலைக்கும் இடையே வெறும் சிமெண்டு,
இருபத்தேழரை வெள்ளி.
முப்பது என்று ஃபைசாலுக்குப் போன் போட்டேன்.
"பாகூஸ்!" என்றான்.

சனிக்கிழமை இரவு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
கோதண்டம் குனிந்து உள்ளே வந்தார்.
சின்ன அரிசிப் பை, நாலு முட்டை, கொஞ்சம் நெத்திலி.
உள்ளே வந்தும் நிமிரவில்லை.
"இருபது வெள்ளியா எழுதிக்கம்மா."

எழுதினேன்.
திங்கட்கிழமை தலைக்கு இருநூறு;
இப்போது ஏழு பேரும் சேர்ந்தே இருநூறு.
முகட்டிலும் இருபது, நடுவிலும் இருபது,
அஞ்சடியில் அஞ்சலையின் இடத்தில்
வெள்ளைச் சட்டையோடு அவர்.

போகாமல் நின்றார்.
ஒரு டம்ளர் அரிசிக்கு
எத்தனை டம்ளர் தண்ணீர் என்று கேட்டார்.

இரண்டரை, என்றேன்.
பழைய அரிசி என்றால் மூன்று.